எட்டாம் குழி

அக்கா: பத்துக் குழியும் மூடியாச்சுடா. எதுல என்ன கிடக்குன்னு இப்போ எனக்கும் இந்தக் காகிதத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

தம்பி: மண்ணை நல்லா மிதிச்சு விட்டியா?

அக்கா: மிதிச்சு, மேல சருகு வேற தூவியிருக்கேன். குச்சி நட்டிருக்கிறதை எடுத்துட்டா, கொல்லையில கை வெச்சதே தெரியாது.

தம்பி: சரி, நீ தள்ளி நில்லு. இன்னும் தள்ளி...

அக்கா: என் வீட்டுக் கொல்லையில என்னையே விரட்டுறான் பாரு.

தம்பி: உன் மேல எத்தனை ஊசி குத்தியிருக்கு?

அக்கா: ரெண்டு... இல்ல, மூணு. தையக்காரி மேல ஊசி இல்லாம வேற என்னடா இருக்கும்?

தம்பி: கையில வளையல். தலையில கொண்டை ஊசி. கழுத்துல கத்தரிக்கோல் வேற தொங்குது. நீ கிட்ட வந்தாலே இந்த உலோகம் தேடுற மிஷின் புதையல் கிடைச்சாச்சுன்னு கத்தும்.

அக்கா: கத்தட்டுமே. இந்த வயசுல யாராவது என்னைப் புதையல்னு சொன்னா வேண்டாம்னா சொல்லப் போறேன்?

தம்பி: படிக்கட்டுல போய் உக்காரு அக்கா. நான் ஒவ்வொரு குழியா சொல்லிக்கிட்டே வருவேன். நீ காகிதத்துல குறிச்சுக்கோ. சரியா தப்பான்னு மட்டும் வாயைத் திறக்காத.

அக்கா: அவ்வளவு பெரிய ரகசியமா இது?

தம்பி: எங்க எது இருக்குன்னு தெரிஞ்சா, இல்லாத சத்தமும் காதுல கேக்கும். அதுக்குத்தானே உன்னைப் புதைக்கச் சொன்னேன். மூணு குழியைச் சும்மா தோண்டி மூடச் சொன்னதும் அதுக்குத்தான்.

அக்கா: மூணு காலிக் குழி. ஆமா, போட்டாச்சு. பெட்டி மேல என்னதான் எழுதியிருக்கான்? படி, கேக்குறேன்.

தம்பி: நாப்பது சென்டி ஆழத்துல கிடக்குற மோதிரத்தையும் விடாது. ஆணி எது, தங்கம் எதுன்னு தானே பிரிச்சுச் சொல்லும். மழையில நனைஞ்சாலும் ஓடும். எடை ஒரு கிலோதான்.

அக்கா: நல்ல வரன் மாதிரி இருக்கே.

தம்பி: பெட்டி மேல எல்லாமே நல்ல வரன்தான். கொல்லைக்கு வந்தாத்தான் குணம் தெரியும். இவங்க என்ன பண்றாங்க தெரியுமா... மேசையில மிஷினை வெச்சுட்டு, ஒரு காசைக் கையில பிடிச்சு மிஷினோட அடித்தட்டுக்கு முன்னால ஆட்டி அளக்குறாங்க. நடுவுல வெறும் காத்து. அதையே ஆழம்னு எழுதிடுறாங்க. காத்து எதை மறைக்கும்? மண்ணுதான் மறைக்கும்.

அக்கா: அதனாலதான் அந்தக் கம்பெனிக்காரங்க உனக்கு நொட்டைன்னு பேரு வெச்சிருக்காங்க.

தம்பி: வெச்சுட்டுப் போகட்டும். பதினோரு வருஷமா இந்த மாதிரி மிஷின்களைச் சோதிச்சுப் பத்திரிகையில எழுதுறேன். கேக்காததைக் கேட்டுச்சுன்னு ஒரு வரி எழுதினதில்ல. சரி... ஹெட்போனை மாட்டிக்கிறேன். சத்தமாப் பேசு.

அக்கா: சத்தத்தை வெளியில விடேன், நானும் கேக்குறேன்.

தம்பி: ஆழத்துல கிடக்குறது முணுமுணுப்பாத்தான் வரும். காதுக்குள்ள கேட்டாத்தான் உண்டு. ஒண்ணு... ம், காசு. ஒரு சாண் ஆழம் இருக்கும்.

அக்கா: ம்ம்.

தம்பி: அந்த 'ம்ம்' வேண்டாம்.

அக்கா: எந்த 'ம்ம்'?

தம்பி: சரியாச் சொன்னா உனக்கு 'ம்ம்' நீளமா வருது. 'அடுத்தது'ன்னு மட்டும் சொல்லு. ஒரே குரல்ல.

அக்கா: அடுத்தது.

தம்பி: ரெண்டு... ஒண்ணும் இல்ல. காலி.

அக்கா: அடுத்தது.

தம்பி: மூணு. இரும்பு. துருப்பிடிச்ச ஆணி. இதைத் தங்கம்னு சொல்லுதான்னு பாத்தேன், சொல்லல. பரவாயில்ல.

அக்கா: அடுத்தது... இதுக்கு நான் எதுக்குடா? கிளியைக் கொண்டு வந்து உக்கார வெச்சிருக்கலாம்.

தம்பி: கிளி டீ போட்டுத் தராதே. நாலு... நாப்பத்தெட்டு காட்டுது.

அக்கா: நாப்பத்தெட்டுன்னா?

தம்பி: தங்க மோதிரம். இல்லன்னா குளிர்பான டின்னோட மூடி வளையம்.

அக்கா: ரெண்டுக்கும் ஒரே எண்ணா?

தம்பி: எந்த மிஷினுக்கும் அது ரெண்டும் ஒண்ணுதான். பெட்டி மேல பிரிச்சுச் சொல்லும்னு போட்டிருக்கான் பாரு, அது பொய். மூடி வளையம்னு எழுதிக்கோ. நீ மோதிரத்தை இவ்வளவு மேலாப் போட மாட்டே.

அக்கா: என் கையைப் பத்தி உனக்கு ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசுற.

தம்பி: உன் கையில அடி வாங்கி வளந்தவன்... இரு, என்னது இது? மிஷின் திடீர்னு கரகரன்னு கத்துது. யாரோ வராங்க.

மருந்துக்கடைக்காரர்: நான்தாங்க. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்துச்சு. உள்ள வரலாமா?

தம்பி: அங்கேயே நில்லுங்க சார், ஒரு நிமிஷம். சாவி, சில்லறை ஏதாவது வெச்சிருக்கீங்களா?

மருந்துக்கடைக்காரர்: ஓ, சோதனையா நடக்குது... இருங்க. சாவி, சில்லறை, போன். எல்லாத்தையும் மதில் மேல வெச்சுட்டேன். மூக்குக்கண்ணாடியும் உலோகம்தான், அதையும் கழட்டி வெச்சுடுறேன்.

அக்கா: கண்ணாடி வேண்டாம்ங்க, அது இல்லாம உங்களுக்குத் தெரியாதே.

மருந்துக்கடைக்காரர்: நாலு எட்டுதானே. நீங்க வழி சொன்னா வந்துடுவேன்.

அக்கா: நேரா வாங்க... இடப்பக்கம். குச்சி இருக்கு, குச்சி... ஆங், தாண்டிட்டீங்க. இதுதான் படிக்கட்டு.

மருந்துக்கடைக்காரர்: இந்தாங்க, உங்க மூச்சிரைப்பு மாத்திரை. இன்னிக்கோட தீருமேன்னு ஞாபகம் வந்துச்சு. கடையைப் பூட்டிட்டு அப்படியே வந்தேன்.

அக்கா: நானே வந்து வாங்கியிருப்பேனே.

மருந்துக்கடைக்காரர்: வெயில்ல நடந்தா இரைக்கும். கால்ல மண்வெட்டி இடிக்குதே... இத்தனை குழியும் நீங்களா தோண்டினீங்க?

தம்பி: வேலை வாங்கினது நான்தான் சார். திட்டுங்க.

மருந்துக்கடைக்காரர்: உங்களைத் திட்டி என்ன பண்ண... அடுத்த தடவை கூப்பிடுங்க, நான் தோண்டித் தரேன். எதை எங்க போட்டேன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். மருந்துக்கடைக்காரனுக்கு ஊர் ரகசியமெல்லாம் தெரியும், வாய்தான் இருக்காது.

அக்கா: உக்காருங்களேன். டீ...

மருந்துக்கடைக்காரர்: இன்னொரு நாள் வரேங்க. அப்புறம்... நான் கேட்ட அந்த விஷயத்துக்கு அவசரமே இல்ல. நீங்க யோசிச்சுக்கிட்டே இருக்கீங்களோன்னு நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அதான் சொல்றேன். வேண்டாம்னு சொன்னாலும் மாத்திரை தீர்ற நாளு எனக்கு ஞாபகம் இருக்கும். வரட்டுங்களா?

அக்கா: வலப்பக்கம் பாத்துப் போங்க. மதில் வரைக்கும் நேரா.

தம்பி: ...போயிட்டாரு.

அக்கா: கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டாரான்னு பாரு.

தம்பி: மாட்டிக்கிட்டாரு. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே, என்னை எதுக்குக் கேக்குற?

அக்கா: அடுத்தது.

தம்பி: அஞ்சு... காலி. அக்கா, கேக்குறேன்னு கோவிச்சுக்காத. அந்த மனு மேசை மேலேயே கிடக்கு. நாலு மாசம் ஆச்சு. ஒரு கையெழுத்துதான்.

அக்கா: அது வெறும் கையெழுத்தாடா? 'என் கணவர் இனி இல்லை என்று அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்'னு அச்சடிச்சிருக்கு. அதுக்குக் கீழ என் பேரு.

தம்பி: ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லன்னா, நீதிமன்றமே அப்படித்தான்...

அக்கா: நீதிமன்றத்துக்கு அவர் சட்டை அளவு தெரியுமா? தோள் பதினெட்டரை. கை இருபத்துநாலு. அளவு நாடா இல்லாம இன்னும் என்னால வெட்ட முடியும்.

தம்பி: மாமாவோட கப்பல் முழுகல அக்கா. ஏதோ ஒரு துறைமுகத்துல இறங்கினாரு. திரும்ப ஏறல. கப்பல்காரங்க எழுதின கடுதாசியை நான்தானே உனக்குப் படிச்சுக் காட்டினேன்.

அக்கா: முழுகியிருந்தா அழுதுட்டு எழுந்திருச்சிருப்பேன். இறங்கிட்டாருன்னா... என்னன்னு அழுறது? கதவு தட்டினா இன்னும் தலையைக் கோதிக்கிட்டுத்தான் எழுந்துக்கிறேன்.

தம்பி: இப்போ வந்தவரும் கதவைத் தட்டுறவர்தான்.

அக்கா: நல்ல மனுஷர். அதுல ஒரு குறையும் இல்ல. தோள் பதினேழரை இருக்கும்.

தம்பி: அளவு எப்போ எடுத்தே?

அக்கா: பாத்தாலே தெரியும்டா, தொழில். நீ ஆறைப் பாரு.

தம்பி: ஆறு... கரண்டி. பெரிய கரண்டி, ஆழத்துல. நம்ம வீட்டுச் சாம்பார்க் கரண்டியைப் போட்டுட்டியா?

அக்கா: அடுத்தது.

தம்பி: ஏழு. நல்லா ஆழத்துல... காசு மாதிரி இருக்கு. தட்டை நாலு பக்கமும் ஆட்டினாத்தான் முணுமுணுக்குது. முப்பது சென்டி இருக்குமா? நாப்பதுன்னு அவங்க சொன்னது இந்த மண்ணுல நடக்காது. எட்டு...

அக்கா: இரு.

தம்பி: என்ன?

அக்கா: எட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்.

தம்பி: சொல்லாத. சொன்னா சோதனை கெட்டுடும்.

அக்கா: கெடட்டும். புதைக்கன்னு நீ குடுத்த பித்தளை மோதிரத்தை நான் எங்கேயும் போடல. அது அலமாரியில இருக்கு.

தம்பி: பின்ன எட்டுல?

அக்கா: என்னோடது.

தம்பி: என்னோடதுன்னா... உன் கையைக் காட்டு. அக்கா, கையைக் காட்டு.

அக்கா: இங்கிருந்தே பாரு. கழட்டிட்டேன்.

தம்பி: மாமா போட்ட மோதிரத்தையா மண்ணுல புதைச்சே? சோப்பு போட்டுத் தேய்ச்சாக்கூட வராதுன்னு சொல்லுவியே.

அக்கா: வந்துடுச்சு. ராத்திரி பகலா வேண்டிக்கிட்டேன்டா. காத்திரு, இல்ல போதும், ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க கடவுளேன்னு. ஒரு பதிலும் வரல. காலையில நீ இந்த மிஷினைத் தூக்கிட்டு வந்து, இது பொய் சொல்லுதா நிஜம் சொல்லுதான்னு பாக்கணும்னு சொன்னே. அப்போ தோணுச்சு. முப்பத்தெட்டு சென்டியில போட்டிருக்கேன். என் அளவு நாடாவை வெச்சு அளந்தேன்.

தம்பி: என்ன தோணுச்சு?

அக்கா: மிஷின் இருக்குன்னு சொன்னா காத்திருப்பேன். மருந்துக்கடைக்காரர்கிட்ட கல்யாணம் வேண்டாம்னு சொல்லிடுவேன். இல்லன்னு சொன்னா... சாயங்காலத்துக்குள்ள அந்த மனுவுல கையெழுத்து.

தம்பி: பித்துப் பிடிச்சிருக்கா உனக்கு? இது பேட்டரியில ஓடுற சாமான். வாழ்க்கையை இதுகிட்டயா கேப்பாங்க?

அக்கா: நீ இதுகிட்டதானே உண்மையைக் கேக்குற?

தம்பி: மண்ணுக்குள்ள காசு இருக்கான்னு கேக்குறேன். அவ்வளவுதான் இதுக்குத் தெரியும்.

அக்கா: எனக்கும் அவ்வளவுதான் வேணும். இருக்கா, இல்லையா. ஏழு வருஷத்துல யாரும் எனக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லல. ஆனா ஒண்ணு. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. எனக்காக எதையும் சேர்க்காத. பதினோரு வருஷமா எழுதுற மாதிரியே சொல்லு.

தம்பி: காகிதத்துல எட்டை அடிச்சுடு. முன்னாடியே தெரிஞ்ச குழியைக் கணக்குல சேர்க்க முடியாது. பத்திரிகைக்கு ஒம்பது போதும்.

அக்கா: அடிச்சுட்டேன். இப்போ கேளு.

தம்பி: ஏன் எழுந்து நிக்கிற? உக்காரு.

அக்கா: நிக்கிறேனே. கேளு.

தம்பி: ...

அக்கா: என்னடா?

தம்பி: பொறு. மெதுவா ஆட்டணும்.

அக்கா: இவ்வளவு நேரம் எந்தக் குழிக்கும் ஆகலையே.

தம்பி: பேசாத அக்கா. கேக்குது.

அக்கா: என்னது கேக்குது?

தம்பி: சத்தம் கேக்குது. மோதிரம்தான்.

அக்கா: ...தெளிவாவா?

தம்பி: தெளிவா. நாலு பக்கத்துல இருந்தும்.

அக்கா: எண் என்ன காட்டுது?

தம்பி: நாப்பத்தெட்டு.

அக்கா: நாப்பத்தெட்டு.

தம்பி: ஆமா. பெட்டி மேல போட்டது நிஜம்தான் போல.

அக்கா: காசையே நாப்பது சென்டியில காட்டாதுன்னு இப்பதானே சொன்னே.

தம்பி: தங்கம் வேற. தங்கத்துக்கு... கொஞ்சம் அதிகம் காட்டும்.

அக்கா: அப்படியா.

தம்பி: சந்தோஷமா இல்லையா உனக்கு?

அக்கா: இருக்கே. இருக்குடா. அப்போ... காத்திருக்கணும்.

தம்பி: காத்திரு அக்கா. நான் இனிமே அந்த மனுவைப் பத்திப் பேசவே மாட்டேன்.

அக்கா: நீதானே அவருக்காக நாலு மாசமாப் பேசினே. அவர் கடையில நிறைஞ்ச மனசோட மருந்து எடுத்துக் குடுக்குறதைப் பாருன்னு சொன்னவன் நீதான்.

தம்பி: சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். ஆனா உனக்கு எது வேணுமோ அதுதானே...

அக்கா: அப்போ நீயே போய்ச் சொல்லிட்டு வந்துடு. தெருமுனைக் கடைக்குத்தான் போயிருப்பாரு. எனக்கு நேர்ல சொல்ல வராது.

தம்பி: இப்பவேவா?

அக்கா: நாளைக்குன்னா பாவம், இன்னொரு ராத்திரி யோசிச்சுக்கிட்டே கிடப்பாரு. போ.

தம்பி: மோதிரத்தைத் தோண்டி எடுத்துக் குடுத்துட்டுப் போறேன். மண்ணுல கிடக்கக் கூடாது.

அக்கா: தோண்டாத.

தம்பி: முப்பத்தெட்டு சென்டிதானே. ரெண்டு வெட்டு.

அக்கா: தோண்டாதன்னு சொல்றேன்ல. அது எங்கேயும் போயிடாது. நீ அவரைப் பாத்துட்டு வா.

தம்பி: சரி... போறேன். செருப்பு எங்க?

அக்கா: உன் கால்லதான் இருக்கு.

தம்பி: ஆமா... இல்ல அக்கா. என்னால முடியாது.

அக்கா: எது?

தம்பி: அந்த மனுஷன் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுத் தட்டுத்தடுமாறி நடந்து வந்தாரு. அவர் முகத்தைப் பாத்து என்னன்னு சொல்லுவேன்? மிஷின் சொல்லுச்சுன்னா?

அக்கா: மிஷின் சொன்னதைத்தானே சொல்லப் போற.

தம்பி: மிஷின் ஒண்ணும் சொல்லல. ஒரு முணுமுணுப்புகூட இல்ல. தட்டை மண்ணுல உரசுற மாதிரி வெச்சுப் பாத்தேன். குறுக்க ஆட்டினேன், நெடுக்க ஆட்டினேன். ஏதாவது கேக்காதான்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். திரையில எண்ணே வரல. பதினோரு வருஷத்துல முதல் தடவையா கேக்காததைக் கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன். நீ அங்க காகிதத்தைக் கசக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்ததும், இல்லன்னு சொல்ல வாய் வரல அக்கா. மோதிரம் அங்கேயேதான் இருக்கும், ஆழம் அதிகம், அவ்வளவுதான். இந்த மிஷினுக்கு எட்டல. அதை வெச்சு மாமா வரமாட்டாருன்னு நினைச்சுடாத. உனக்குக் காத்திருக்கணும்னு இருந்தா காத்திரு. நான் கூட இருக்கேன். என்னை மன்னிச்சுடு.

அக்கா: நீ பொய் சொல்றேன்னு அப்பவே தெரியும்டா.

தம்பி: என் முகத்துலேயே தெரிஞ்சுதா?

அக்கா: முகத்தை எங்க பாத்தேன்... எட்டுல நான் எதையுமே போடலடா. மோதிரம் தையல் பெட்டியில, நூல்கண்டுக்கு அடியில இருக்கு. ஒரே ஒரு தடவை யாராவது 'இல்ல'ன்னு சொல்லிட்டாப் போதும், கையெழுத்துப் போட்டுடலாம்னு அந்தக் குழியை வெறும் மண்ணால மூடினேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முதல்ல உனக்கும் மனசு வரல, இப்போ சொல்லிட்டே. கையெழுத்தைப் போட்டு வெக்கிறேன்... போ, தெருமுனைக் கடையிலதான் இருப்பாரு. டீ போட்டு வெக்கிறேன், ஆறிடும்னு கூட்டிட்டு வா.